என் வீட்டுக்காரருக்கு டபுள் பாயிண்ட்

புருஷனை நம்புவது வேறு, புருஷனை டீமில் எடுப்பது வேறு. இதைப் பொன்மலையில் யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். என் வீட்டுக்காரர் நவநீதன்கூடப் புரிந்த மாதிரிதான் காட்டிக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கோடை வந்தால் எங்கள் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கும். ஞாயிறுதோறும் மேட்ச். ஆடுகிறவர்கள் மைதானத்தில் ஆட, ஆடத் தெரியாத எங்களுக்கென்று ஜூஸ் கடை ஹனீஃபா பாய் ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார். டாஸ் போடுவதற்குள் அன்றைக்கு ஆடும் இரண்டு அணிகளிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி குரூப்பில் போட்டுவிட வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன், விக்கெட், கேட்ச் எல்லாம் நமக்குப் பாயிண்ட். ஒருவரை கேப்டன் என்று குறித்தால் அவருடைய பாயிண்ட் மட்டும் இரண்டு மடங்கு. காசு கிடையாது. "காசுன்னு எவனாவது வாயத் தெறந்தா குரூப்ப விட்டே தூக்கிருவேன்" என்று பாய் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

காசைவிடப் பெரிய பரிசு இருக்கிறது. சீசன் முடிவில் முதலில் வருகிறவருக்கு மாலை போட்டு, குட்டியானை வண்டியில் நாற்காலி வைத்து உட்காரவைத்து, மைக் செட், மேளத்தோடு பொன்மலை முழுக்க ஊர்வலம். கடைசியில் வருகிறவர் பக்கத்தில் நின்று குடை பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். நான் கே.கே. நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் திருச்சியிலேயே கிடையாது. கையை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பெரிய மீசைக்காரர்கள்கூட. அப்படிப்பட்டவளை ஊரே பார்த்துக் கை தட்டினால் எப்படி இருக்கும் என்று ஊசி போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். போன வருஷம் மயிரிழையில் தவறிப்போனது. இந்த வருஷம் நான்தான் முதலிடம். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான் ஸ்ரீரங்கத்துப் பூவரசன், செல்போன் கடைக்காரன். கடைசி இடம் அற்புதசாமி சாருக்கு. அவர் யார் தனக்கு வணக்கம் சொல்கிறார்களோ அவர்களை டீமில் எடுப்பார்.

நவநீதன் பொன்மலை அணியின் ஓப்பனர். போன வருஷம் எல்லோருடைய டீமிலும் அவர்தான் கேப்டன். இந்த வருஷம் மட்டை பந்தையே பார்க்கவில்லை. முதல் மேட்ச் டக். அடுத்தது போல்டு. அதற்கடுத்தது, சும்மா வந்த பந்தைக் கொண்டுபோய் ஃபீல்டர் கையில் வைத்துவிட்டு வந்தார். முதல் இரண்டு மேட்ச் நான் அவரை எடுத்தேன். மூன்றாவதிலிருந்து எடுக்கவில்லை. ஆடுகிறவர்களுக்குக் குரூப்பில் இடம் இல்லை. ஆனால் பாய் எல்லோருடைய டீமையும் கடை வாசல் போர்டில் ஒட்டிவிடுவாரே, அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இவர் பேடே கட்டுவார். அந்த மூன்றாவது மேட்ச் அன்று சாயங்காலம், சட்டையைக் கழற்றிக்கொண்டே, போர்டைப் பார்க்காதவர் மாதிரி கேட்டார்.

"யார கேப்டன் போட்ட?"

"முசிறிப் பையன் ஒருத்தன்."

"நல்ல பிளேயர்" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த 'நல்ல பிளேயர்' சோற்றில் கல் மாதிரி கிடந்து நெருடியது.

லேபில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட மாட்டோம். சந்தேகம் வந்தால் மறுபடி சாம்பிள் எடுப்போம். நானும் இவரை அப்படித்தான் பரிசோதித்தேன். மட்டை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினேன், பார்வையில் குறையில்லை. திருஷ்டி என்றார்கள், பூசணிக்காய் உடைத்தோம். தூங்கிக்கொண்டிருந்தவர் கையைப் பிடித்து ரத்தம்கூட எடுத்துப் பார்த்துவிட்டேன். சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் நார்மல். பேட்டிங் மட்டும் அப்நார்மல்.

ஃபைனலுக்கு முந்தைய வாரம் பூவரசன் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். 'நவநீதன் ஸ்பெஷல்' என்று பெயர். இவர் அவுட்டான காட்சிகளை எல்லாம் ஒன்றாக ஒட்டி, பின்னால் சோகமாக வயலின் இழுத்திருந்தான். குரூப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எரிச்சலோடு திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இவர் தலை லேசாக இடது பக்கம் சாய்கிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி.

பூவரசனுக்கு போன் போட்டேன். "தம்பி, வயலின் இல்லாத வீடியோ இருக்கா?"

"ஏங்க்கா, அழுகையா வருதா?"

"அனுப்புடா."

அனுப்பினான். லேபில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டேன். முதல் அவுட்டில், தூரத்தில் ரயில். இரண்டாவதிலும் ரயில். எங்கள் மைதானத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் ரயில். எல்லாவற்றிலும் ரயில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த பெரியவர் பயந்துபோய் கையை இழுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். பொங்கல் கழிந்து அவரைச் சக்கரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரேக் இறுகி, சக்கரம் உருளாமல் இழுபட்டால், ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிடுமாம். அப்புறம் ஓடும்போது அந்த இடம் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டே போகும். அந்தத் தட்டலைக் காதால் பிடிப்பதில் இவருக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. சாப்பிடும்போது ரயில் போனால், பிசைந்த சோறு கையிலேயே நிற்கும். தலை இடது பக்கம் சாயும். ஏதோ வீட்டுக் கவலை என்று நினைத்து நான்கூட ரசம் ஊற்றாமல் காத்திருப்பேன். மனிதர் பெட்டி பெட்டியாகச் சக்கரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் வளர்ந்தவருக்கு இப்போதுதான் அது காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. பந்து போடுகிறவன் ஓடி வரும்போது ரயிலும் வந்தால் கண் பந்தைப் பார்க்கும், காது ரயிலோடு போய்விடும்.

கண்டுபிடித்ததை அவரிடம் சொல்லலாமா? சொன்னால் கெட்டது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதையாகிவிடும். ரயிலைக் கேட்காதே என்றால், வராத ரயிலையும் கேட்பார். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சாமானியமான காரியமில்லை.

ஃபைனல் ஸ்ரீரங்கத்தில். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு மைதானம், ஸ்ரீரங்கம் அணிதான் எதிரி. அங்கே தண்டவாளம் பக்கத்தில் இல்லை. கோயில் மணியும் காக்கா சத்தமும்தான். எனக்கும் பூவரசனுக்கும் இடையில் கொஞ்சம் பாயிண்ட்தான் வித்தியாசம். இவரை விட்டுவிட்டுப் பத்திரமான ஆட்களாகப் போட்டால் நாற்காலி எனக்குத்தான். இவரைக் கேப்டனாகப் போட்டு இவர் டக் அடித்தால் பூவரசனுக்கு மாலை. சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். வீடியோ பொய் சொல்லாது என்று ஒரு மனசு. பொண்டாட்டி மனசு ரிப்போர்ட்டைத் திருத்தப் பார்க்கிறது என்று இன்னொரு மனசு.

ஞாயிறு காலை இவர் கிட் பையைத் தூக்கிக்கொண்டு, கேட்கவே மாட்டேன் என்கிற மாதிரி வாசலில் நின்றார். "போயிட்டு வரேன்" என்றார். கேப்டன் யார் என்று கேட்கவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் போனை எடுத்து டீமைப் போட்டேன். கேப்டன், நவநீதன்.

குரூப் கொந்தளித்தது. "அக்கா, பாசம் கண்ண மறைக்குது" என்றான் பூவரசன். "ஏம்மா ஜோதி, கை தவறிப் போட்டுட்டியா? டாசுக்கு இன்னும் நேரமிருக்கு, மாத்திக்கலாம்" என்றார் பாய். அற்புதசாமி சார் மட்டும், "நானும் எடுத்திருக்கேன்மா, நேத்து வணக்கம் சொன்னாரு" என்று போட்டார். அதைப் படித்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஸ்ரீரங்கம் முதலில் ஆடி நல்ல ஸ்கோர் வைத்தது. பொன்மலை ஆட வந்தது. நான் பவுண்டரிக் கயிற்றுக்குப் பக்கத்தில், குடையும் நீர்மோருமாக வந்திருந்த ஒரு மாமாவுக்கு அருகில் உட்கார்ந்தேன். நவநீதன் முதல் பந்தைத் தடுத்தார். தலை நேராக இருந்தது. இரண்டாவது பந்து கவரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நான் எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் உட்காரவே இல்லை. மனிதர் அடித்தார், சாமி! அத்தனை ஞாயிறும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அடித்தார். மறுபக்கம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், இவர் நின்றார். பூவரசன் என் பக்கமே பார்க்கவில்லை.

கடைசி ஓவர். ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன். இவர்தான் பேட்டிங். பந்து போடுகிறவன் ஓடிவரத் தொடங்கும்போது எங்கிருந்தோ ஒரு முழக்கம் கேட்டது.

தண்டவாளம் பக்கத்தில் இல்லை என்றுதான் நான் பார்த்தேனே தவிர, கொள்ளிடத்தின் மேல் ரயில் பாலம் இருக்கிறதே, அதை யோசிக்கவில்லை. பாலத்தில் ரயில் ஏறினால் ஆற்று மணல் முழுக்க அந்தச் சத்தம் பரவும். கூட்ஸ் வண்டி வேறு, லேசில் முடியாது. நவநீதனின் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. பந்து மட்டைக்கும் ஸ்டம்புக்கும் நடுவில் நூலிழையில் போனது. மைதானமே "ஹா" என்றது. அவர் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து வீசுபவன் மறுபடி நடந்து போனான். வண்டி இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஜோதியே இல்லை.

"என்னங்க!" என்று கத்தினேன்.

மைதானத்தில் இருந்த புருஷன்மார் பாதிப் பேர் திரும்பினார்கள். என்னுடையவரும் திரும்பினார்.

"சக்கரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு! நான் கேட்டுட்டேன்! நீங்க பந்தப் பாருங்க!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மாமா குடையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். "எந்தச் சக்கரத்தம்மா சொல்றேள்? பெருமாள் கையில இருக்கறதா?"

"இல்ல மாமா, கூட்ஸ் வண்டில இருக்கறது."

நவநீதன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பை அந்த சீசன் முழுக்க நான் பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மட்டையைத் தரையில் தட்டி, தலையை நேராக வைத்து நின்றார். வண்டி பாலத்தில் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பந்து சுவரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது. அதற்கடுத்ததும் அதே தோப்புக்குத்தான் போனது. பொன்மலைக்காரர்கள் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நானும் ஓடினேன், ஒரு செருப்பு அங்கேயே போனது.

பூவரசன் விடவில்லை. "வெளிலேர்ந்து சொல்லிக் குடுக்கறது போங்கு பாய்! அந்த ரெண்டு சிக்சுக்கும் பாயிண்ட் குடுக்கக் கூடாது!" என்று குதித்தான். ஹனீஃபா பாய் தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "புருஷனப் பாத்துப் பொண்டாட்டி கத்தக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்ல தம்பி. அப்படி ஒரு ரூல் இருந்தா மொதல்ல எங்க வீட்லல்ல கொண்டுவந்திருப்பேன்."

அன்று சாயங்காலமே ஊர்வலம். குட்டியானையில் சிவப்பு நாற்காலி, கழுத்தில் சம்பங்கி மாலை. குடை பிடிக்க அற்புதசாமி சார். இவரை எடுத்தும் மற்ற பத்துப் பேர் அவரைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் சந்தோஷமாகவே பிடித்தார். பாய் மைக்கில் என் பெயரைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் ரத்தம் எடுத்த பெரிய மீசைக்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து வணக்கம் வைத்தார். நவநீதனை இழுத்து என் காலடியில் உட்காரவைத்திருந்தேன்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி நின்றது. மைக் சத்தத்தில் இவர் நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஜோதி, காலைல அந்த கூட்ஸ்ல ஒரு சக்கரம் தட்டுச்சு. பின்பக்கப் பெட்டி ஒண்ணுல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் எப்படிங்க அடிச்சீங்க?"

"நீதான் கேட்டுட்டேன்னு சொன்னியே" என்றார். "ஒருத்தர் பாத்துக்கிட்டா போதும்ல. மேட்ச் முடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

எனக்குச் சக்கரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நம்பியிருக்கிறார். மாலையோடு குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. பாய் என் பெயரை மறுபடி ஆரம்பித்தார்.

"பாய், மைக்க ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"ஏம்மா, ஒன் பேருதாம்மா சொல்றேன்!"

"அப்பறம் சொல்லலாம் பாய். அவரு கேக்கணும்."

மைக் நின்றது. மேளக்காரரும் கையை நிறுத்தினார். ஊர்வலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்க, ரயில் எங்களைக் கடந்து போனது. நவநீதன் தலையை இடது பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

கூட்டம் கை தட்டியது.