குழித்த உள்ளங்கை

சிட்டுக்குப் பிறந்ததிலிருந்தே நுரையீரலில் பசைபோலச் சளி கட்டும் நோய். தீராது, அன்றாடம் தட்டித் தட்டி வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலையும் மாலையும் அம்மாதான் மகளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவாள். தட்டல் தொடங்கியதும் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு பால்கனிக்கு நழுவிவிடுவார். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர் அவர். ஆளுயரக் கண்ணாடியை நாலாவது மாடிக்குத் தூக்கும் மனிதருக்கு, ஏழு வயதுப் பிள்ளையின் முனகலைக் கேட்க நெஞ்சில் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டு வீடு திரும்பியதும் சொன்னாள்:

"இனி நீங்கதான் தட்டணும்."

"நானா? என் கை இரும்புக் கை. பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"தட்டலைன்னாதான் ஆகும்."

அப்பா தலையணைகளை அடுக்கினார். சிட்டு தானாகவே வந்து கவிழ்ந்து படுத்தாள். அவர் பட்டும் படாமலும் தட்டினார்.

"அப்பா, ஈ ஓட்டுறீங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். "தண்ணி அள்ளுற மாதிரி கையைக் குழிச்சுக்கோங்க. உள்ளே காத்து நின்னா வலிக்காது. முதுகெலும்புல படாம, விலாப்பக்கமா தட்டுங்க."

குழித்துத் தட்டினார். டொப், டொப் என்று சத்தம் கனத்தது. சிட்டு உடனே "ஆஆஆ" என்று ராகம் இழுத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் குரல் குலுங்கிக் குலுங்கி வர, அவளே அதைக் கேட்டுக் கிளுகிளுவென்று சிரித்தாள். மூடிய கதவுக்கு அப்பால் நின்று இத்தனை வருஷமாக அவர் முனகல் என்று நம்பியிருந்தது இதைத்தான்!

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கடுத்தது. "போதுமா?"

"பாதிகூட ஆகலை. மறுபக்கம் திருப்புங்க" என்றாள் அம்மா.

ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கவும் அவரைக் கூப்பிடுகிறவள் இவள். காய்ச்சலில் கிடந்த நாளிலும், அவரோடு முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் இந்தத் தட்டலை ஒரு வேளையும் விட்டதில்லை. கட்டுப் போட்ட அந்த ஒல்லிக் கையை, மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்போலப் பார்த்தார்.

அப்போது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ கரகரவென்று அசைந்தது. சட்டென்று கையை நிறுத்திவிட்டார்.

"அதான். சளி கழண்டுடுச்சு. விட்டுடாதீங்க" என்றாள் அம்மா.

தட்டினார். சிட்டு எழுந்து இருமித் துப்பினாள். பிறகு ஒரு மூச்சு இழுத்தாள், ஆழமாக, தடையில்லாமல். மூச்சு இவ்வளவு பெரிதாக இருக்குமென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

எலும்பு கூடிக் கட்டைப் பிரித்த பிறகும் மாலை முறையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நோய் அப்படியேதான் இருக்கிறது. அந்த அரைமணி நேரம் அம்மா காலை நீட்டித் தூங்குகிறாள்.