காலி இடத்துக்குக் கீழ் ஒரு முத்திரை

நோட்டரி ஆவதற்கு வயது வேண்டும், வக்கீல் தொழிலில் பல வருட அனுபவம் வேண்டும், என்மேல் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது, நான் ஒழுங்கானவள் என்று பெரிய மனிதர்கள் எழுதித் தரவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். நன்னடத்தைச் சான்றுக்காக அலைந்த அலைச்சலில், இருந்த நன்னடத்தையும் போயிருக்கும். மிச்சம் பிரமாணப் பத்திரம் ஒன்றுதான். எழுதியதெல்லாம் உண்மை என்று ஒரு நோட்டரியின் எதிரில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். இந்த ஊருக்கு இருப்பதோ ஒரே ஒரு நோட்டரி.

அந்த மனிதரின் லட்சணத்தை என் அக்காவைக் கேட்டால் தெரியும். அவள் அவருடைய அலுவலகப் படியை மிதித்ததே இல்லை. ஆனால் தன் வீட்டைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவர் 'முன்னிலையில்' அவள் கையெழுத்திட்டதாக ஒரு முத்திரை இருக்கிறது. கையெழுத்தும் அவளுடையது இல்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது, அக்கா எங்கள் முன்னறையில் படுத்துக்கொள்கிறாள். நான் விண்ணப்பம் போட முடிவு செய்ததே அந்த ஆத்திரத்தில்தான்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். மதியம் கோர்ட்டிலிருந்து வந்தால், என் கணவர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்னு நானே நோட்டரிகிட்ட போய் முடிச்சுட்டு வந்துட்டேன்!"

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். 'என் முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்' என்று பளிச்சென்று முத்திரை. அதற்கு மேல் நான் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலி.

"நான் இன்னும் கையெழுத்தே போடலைங்க!"

"அதுக்கென்ன, இப்பப் போட்டுடு. பேனா தரட்டுமா?"

பேனாவைக் கையில் வாங்கியும்விட்டேன். மாலையில் விண்ணப்பம் வாங்கும் கவுன்டரை மூடிவிடுவார்கள். அடுத்து எந்தக் காலத்தில் விண்ணப்பம் கேட்பார்களோ. முன்னறையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

தாளை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

புதிதாக அச்செடுத்துக்கொண்டு, கணவரையே வண்டி ஓட்டச் சொல்லிப் போனேன். நீட்டிய தாளைப் பார்த்தாரே தவிர, நோட்டரி தலையை நிமிர்த்தவே இல்லை.

"காலையிலேயே போட்டுக் குடுத்தாச்சேம்மா?"

"அப்ப நான் வரலையே சார். இப்பத்தான் வந்திருக்கேன். சத்தியம் பண்ண வைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் அவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டை எங்க?"

வந்ததே எனக்குக் கோபம்! வராதபோது தெரிந்த ஆளை, வந்து நின்றால் தெரியவில்லையாம். அட்டை கோர்ட் பையில், பை வீட்டில். கணவர் விழுந்தடித்துக்கொண்டு போய் எடுத்துவந்தார். சத்தியத்தை எப்படிச் சொல்லவைப்பது என்பதே நோட்டரிக்கு மறந்துபோயிருந்தது. நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்து, நானே திருப்பிச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவர் முத்திரை குத்தினார்.

மூச்சிரைக்க ஓடினால் கவுன்டர் மூடியிருந்தது. உள்ளே இருந்த ஊழியர் கண்ணாடி வழியாகக் கையை விரித்தார்.

"அந்தத் தாளையே குடுத்திருந்தா நீயும் நோட்டரி ஆயிருப்ப," என்று வழியெல்லாம் புலம்பினார் கணவர்.

"ஆமா. அவர மாதிரியே இன்னொரு நோட்டரி."

சொல்லிவிட்டேனே தவிர, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"குடுத்துட்டியா?"

"இல்லக்கா. மூடிட்டாங்க."

என் கையிலிருந்த தாளை வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள், கையெழுத்தை விரலால் தடவினாள்.

"இது நீயே அங்க போய்ப் போட்டதா?"

"ஆமாக்கா, நானேதான்."

"அந்தாளு பாத்தானா?"

"பாக்க வெச்சேன்."

அக்கா தாளைத் திருப்பித் தரவில்லை. உள்ளே கொண்டுபோய், தன் வழக்குக் கட்டுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.