புல்லுக்கு ஒரு பிடி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பால் சங்கத்தின் புல்வெளியில் வெட்டுக்கிளிக்கு மருந்து வைக்க என்னைத் தெரிவு செய்தார்கள். ஹல்துமுல்லையில் நடந்த அரைநாள் வகுப்புக்குப் போய்வந்தவன் நான் ஒருவன்தான். அந்த வகுப்பில் எனக்கு நன்றாக நினைவிருப்பது மதியச் சாப்பாடு.

தவிட்டில் சீனிப்பாணியும் பூச்சி மருந்தும் பிசைந்த தீனி அது. கோழிக்கு அரிசி விசிறுவதுபோலப் பரவலாகத் தூவ வேண்டும். பூச்சி பொறுக்கித் தின்னும், மிச்சம் மாட்டின் வாயில் சேராது. மூன்று நாள் மாடு விடாதீர்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

கை என்னுடையதுதான், ஆனால் பதினெட்டு வருடமாகத் தேயிலைக்கு உரம் போட்ட கை. செடிக்கு ஒரு பிடி, தூரில் வைத்துவிட்டு அடுத்த செடி. புல்வெளியிலும் அப்படியே நிரை பிடித்து, புல்லுக்கு ஒரு பிடியாக வைத்துவிட்டு வந்தேன். கங்காணி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நான்காம் நாள் காலை, பக்கத்து லயத்து மரியகொரட்டியின் பசு புல்வெளி ஓரத்தில் விழுந்து கிடந்தது. ஏழு மாதச் சினை. வாயில் நுரை, கால்களில் நடுக்கம். அவள் முந்தானையால் அதன் வாயைத் துடைத்தபோது துணியில் தவிடு ஒட்டியதைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது.

பதுளையிலிருந்து மாட்டு டொக்டர் ஸாஹிர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"என்ன திண்டிச்சு? சரியாத் தெரியாம ஊசி போட ஏலாது."

நேற்று பலாத்தோல் போட்டதாகவும், எல்லாம் தன் பிழைதான் என்றும் மரியகொரட்டி அழுதாள். அப்போது நான் வாயைத் திறந்தேன். சில மாட்டுக்குப் பலாத்தோல் ஒத்துக்கொள்ளாதுதான் என்றேன். வகுப்புக்குப் போன ஆள் சொன்னால் மறுப்பு ஏது?

டொக்டர் வயிற்று உப்புசத்துக்கு வைத்தியம் பார்த்தார். அரை மணித்தியாலம் போனது. பசு தலையைத் தரையில் சாய்த்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. மருந்தின் பெயர், பிடி பிடியாக வைத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு ஊசியை எடுத்தார்.

நான் புல்வெளிக்குள் போய் மிச்சப் பிடிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்தேன்.

பசு பிழைத்தது. மறுநாள் வயிற்றுக் கன்று செத்து விழுந்தது. முன்னாடியே ஊசி போட்டிருந்தால் தங்கியிருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். சொல்ல ஏலாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மரியகொரட்டி, நான் உண்மையைச் சொன்னதால்தான் பசு பிழைத்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம். அன்று பின்னேரமே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"டொக்டர் மொதல்ல கேட்டப்பவே எனக்குத் தெரியும், தங்கச்சி. தெரிஞ்சுதான் பலாத்தோலுன்னேன்."

அவள் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்ண்ணே. நீங்க பலாத்தோலுன்னப்ப ஒங்க மூஞ்சியத்தான பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நான் கேட்டு, நீங்க இல்லன்னு சொல்லிட்டா? அப்புறம் சொல்லவே மாட்டீங்களே. அதான் பேசாம இருந்தேன்."

அவள் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.