காலடி மணல்

சந்தோஸ் நகரத்தில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் துணி காயாது. பிரேசில் என்றால் வெயிலும் கூத்துமாக இருக்கும் என்று நம்பி விமானம் ஏறிய கலைப்பிரியாவுக்கு வாய்த்ததென்னவோ நசநசவென்ற தூறலும் முடைநாற்றம் அடிக்கும் துண்டும்தான். சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் சுவரெல்லாம் பூஞ்சை. கடற்கரையோரம் மாடிக் கட்டடங்கள் சில மணலில் இறங்கிச் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுக்குள்ளும் ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவள் ஊரான திண்டிவனத்தில் ஒரு மதில் சாய்ந்தாலே தெரு கூடிப் பஞ்சாயத்து பேசும். வந்த புதிதில் அந்தச் சாய்ந்த கட்டடங்களை வாய் பிளந்து பார்த்தாள். இப்போது வாய் பிளக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

புருஷன் ராஜ்குமார் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பவன். கப்பல் வந்து நின்றால் அவனுக்கு வீடு மறந்துபோகும். இவளுக்குக் காலையில் ரொட்டிக்கடை வரிசை, பிறகு ஓட்டலில் மலைமலையாகப் படுக்கை விரிப்பு தேய்க்கும் வேலை, திரும்பினால் சமையல். போதாக்குறைக்கு நாலு வயது பிரவீனுக்கு மூச்சிரைப்பு வேறு.

எதிர்வீட்டு மர்லேனி மட்டும் இல்லையென்றால் அவள் பாடு திண்டாட்டம்தான். அறுபது தாண்டிய தனிக்கட்டை. விடிந்ததும் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து பையனை வாங்கிக்கொள்வாள். சாயங்காலம் வரை அவனுக்கு அத்தை, ஆயா எல்லாம் அவள்தான். காசு நீட்டினால் முறைப்பாள். ஒரே ஒரு குறை, வாய் நிற்காது. “என்ன அழகு பாருங்கள், என்ன கண்ணு, என் குண்டுப் பையன்” என்று லிஃப்டில் போகிறவர்களைக்கூட நிறுத்திக் காட்டுவாள். நம் பக்கத்தில் பிள்ளையை முகத்துக்கு நேரே அப்படிப் புகழ்ந்தால் கண் பட்டுவிடுமே என்று பெற்றவளுக்குப் பயம் வராதா?

திண்டிவனத்திலிருந்து அம்மா கிளியம்மாள் போன் செய்தாள்.

“அமாவாசைக்கு மேல்மலையனூரு போய்ட்டு வந்தேன்டி. கால் வெக்க எடமில்ல, அப்டி ஒரு கூட்டம். பையன் எப்டி கீறான்?”

“அப்டியேதாம்மா. ராவெல்லாம் இழுத்துக்கினு கெடக்கறான்.”

“எதிர்வூட்டுக்காரி தெனம் வாயாரப் புகழ்றான்னியே, அதான். அவ காலடி மண்ண எடுத்து, உப்பு மொளகாயோட புள்ளையச் சுத்தி நெருப்புல போடு. நெடி வரலன்னா அவ கண்ணுதான்னு வெச்சுக்கோ.”

“மாடி வூட்ல மண்ணுக்கு எங்கம்மா போறது?”

“அவ நடக்கறா இல்ல? நடக்கறவ காலுல மண்ணு ஒட்டாமலா போவும்?”

கலைப்பிரியாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அசந்துபோனவளுக்கு, யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு மிதியடி முன் குந்தி, மர்லேனியின் ரப்பர் செருப்பிலிருந்து உதிர்ந்த கடல்மணலைக் காகிதத்தில் கூட்டி எடுத்தாள். கதவு திறந்தது. மர்லேனி குனிந்து பார்த்தாள். இந்தப் பெண் தன் வாசலைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்து உருகிப்போனாள்.

“உனக்கே ஆயிரம் வேலை, இதையும் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய், மகளே?” என்று கன்னத்தில் முத்தமிட்டாள்.

கலைப்பிரியாவுக்கு முகம் எரிந்தது. எடுத்ததை அங்கேயே கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை.

வீட்டுக்கு வந்தாள். மணலையும் உப்பையும் ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த மிளகாயையும் பிடியில் வைத்துப் பையனை மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பழைய தோசைக்கல்லில் போட்டாள். வெளியே மழை, சன்னலெல்லாம் மூடியிருந்தது. மிளகாய் கருகியதும் நெடி வந்தது. சும்மா வரவில்லை, ஆளை அடித்துப்போடுகிற மாதிரி வந்தது.

‘அவ கண்ணு இல்ல’ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அதற்குள் பையன் இருமத் தொடங்கினான். இருமல் இழுப்பாயிற்று, உதடு நீலம் பாய்ந்தது. கலைப்பிரியாவுக்குக் கை கால் ஓடவில்லை. இருமிக்கொண்டே ஓடிவந்து கதவைத் தள்ளியவள் மர்லேனிதான். அடுப்பை அணைத்தாள், பையனை வாரித் தோளில் போட்டாள், லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். அந்த வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு.

அவசர சிகிச்சை மையத்தில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். வீட்டுச் சுவரில் பூஞ்சை, போதாததற்கு அடுப்பில் எதையோ கருக்கிய புகை வேறு என்று டாக்டரம்மா சலித்துக்கொண்டாள். பையனுக்கு மூச்சு சீரானது.

“என்ன எரித்தாய்?” என்று மர்லேனி கேட்டாள்.

பொய் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு கலைப்பிரியாவுக்குப் பொய் வரவில்லை. தெரிந்த போர்ச்சுகீசில் எல்லாவற்றையும் சொன்னாள். மணல் எடுத்தது, மிளகாய் சுற்றியது, உங்கள் கண் என்று சந்தேகப்பட்டது.

“உங்க கண்ணு இல்லை. நெடி வந்தது. நீங்க இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

மர்லேனி கோபப்படவில்லை. “எங்கள் அம்மாவும் கண் படும் என்று சொல்வாள்” என்று மட்டும் சொன்னாள்.

ராஜ்குமார் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “நாளைக்கு அவங்க புள்ளைய வாங்கலன்னா உன் வேலை அவ்ளோதான்.” அவனுக்கு அந்தக் கவலை. இவளுக்கு வேறு கவலை. இந்த ஊரில் தன்னை மகளே என்று கூப்பிட ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

மறுநாள் காலை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினாள். உடனே திறந்தது. மர்லேனி வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினாள். பையன் தாவினான். வாங்கி அணைத்துக்கொண்டாள், முதுகைத் தடவினாள். ஆனால் அவள் பார்வை மட்டும் சுவரில் இருந்தது. அழகு என்று ஒரு சொல் வரவில்லை.

“நீங்க இல்லைன்னு சொன்னேனே” என்றாள் கலைப்பிரியா.

“சொன்னாய். ஆனால் அது உன் அடுப்புக்குத் தெரிந்தது, மகளே. என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதே.”

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். மர்லேனி முகத்தைக் கொடுத்தாள், கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.