மாஸ்டரின் கடைவாய்ப் பல்

விலாவிலிருந்து இறங்கிய குழாயைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு, மூச்சு மாஸ்டர் மனைவியைக் கிட்டே கூப்பிட்டார்.

"வகுப்பிலேருந்து யாராவது வந்தா, மௌனப் பயிற்சியில இருக்கார்னு சொல்லிடு."

"ஆஸ்பத்திரி கட்டில்லயா?"

பதினெட்டு வருடமாக ஊருக்கே மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தவர். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு வீங்கி நாறத் தொடங்கியபோது, பல் டாக்டரிடம் போகச் சொல்லி அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். மாஸ்டரோ வலிக்கிற இடத்துக்கே மூச்சை அனுப்பினார். காலையில் நூறு, மாலையில் நூறு. இரண்டு மாதத்தில் காய்ச்சல், இருமல், மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி.

பல்லடியிலிருந்த கிருமி எச்சிலோடு கலந்து, தூக்கத்தில் துளித்துளியாய் நெஞ்சுக்குள் இறங்கி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது என்றாள் டாக்டர். அந்த நூறும் நூறும்தான் கிருமியை உள்ளே இழுத்துவிட்டதோ என்று மனைவிக்குச் சந்தேகம்.

"மருந்துக்குக் கேக்குது. சீழ் வடியுது. அமுங்கின நுரையீரல் விரியணும், அவ்வளவுதான். நாளைக்குள்ள விரியலைன்னா ஆபரேஷன். ஆனா நீங்க விரிச்சிடுவீங்க சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாள் டாக்டர்.

விரிக்கிற கருவி ஒரு பிளாஸ்டிக் பெட்டி; உள்ளே மூன்று பந்து. அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து எழும்ப வேண்டும். பக்கத்துக் கட்டில் மூட்டைத் தொழிலாளி இரண்டை எழுப்பிவிட்டு, "ஜூஸ் உறிஞ்சற மாதிரிதான் மாஸ்டர்" என்று பாடம் வேறு எடுத்தார். மாஸ்டருக்கு ஒரே பந்து, அதுவும் முக்கால்வாசிதான் ஏறியது.

சாயங்காலம், 'ஆழ்ந்து சுவாசி' என்று எழுதிய பனியனோடு ஆறு மாணவர்கள் வந்து நின்றார்கள். பின்னாலேயே பெட்டியோடு நர்ஸ். மாஸ்டர் கண்ணை மூடி மௌனத்துக்குள் போனார்.

"காலையிலேருந்து ரெண்டு தடவை இந்தப் பெட்டியைத் தொடாம ஏமாத்திட்டீங்க" என்றாள் மனைவி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இவங்க முன்னால வெட்கப்பட்டா, நாளைக்குக் கத்தி முன்னால படுக்கணும். எது வசதி?"

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். போர்வையைத் தானே விலக்கினார். சிவப்புக் கலந்த சீழ் ஓடும் குழாயை ஆறு பேரும் பார்த்தார்கள். பெட்டியை வாங்கி, வாயில் வைத்து, இழுத்தார்.

முதல் பந்து விருட்டென்று மேலே போய் முட்டியது. மாஸ்டர் மூச்சை இழுத்தால் தாங்களும் இழுத்துத்தான் ஆறு பேருக்கும் பழக்கம், இழுத்தார்கள். இரண்டாவது பந்து அடித்தட்டைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நடுங்கியது. மூட்டைத் தொழிலாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பந்து இறங்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஆறு பேர், மார்பு புடைக்க, முகம் சிவக்க, மூச்சை விடாமல் நின்றார்கள்.