முனியாண்டி வேலைக்குப் போகவில்லை

ஆறு மணிக்கு எழுந்தேன். காப்பி போட்டேன். பால் வாங்குவதை நிறுத்திவிட்டதால் கறுப்பாகவே குடித்தேன். சட்டையைத் தேய்த்தேன். வீட்டுக் கதவைப் பூட்டி, கேட்டை வெறுமனே சாத்திவிட்டுக் காரில் ஏறினேன்.

“கேட்டுக்குப் பூட்டு எங்க டாக்டர்? நம்ம ராசா ஊருல திருடனெல்லாம் பென்ஷன் வாங்கிட்டுப் போயிட்டானுங்களா?”

எதிர்வீட்டு ஆதப்பன் அண்ணன் தினமும் கேட்பதுதான். கையசைத்தேன்.

கோலாலம்பூரில் நுரையீரல் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கிறேன். இனி அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று நாங்கள் வீட்டுக்கு அனுப்பியவர்களைச் சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அன்று பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பஞ்சாலை என்ற பெண்மணியின் முறை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்தவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. அந்தப் புகையைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. விடை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவருக்குப் பயன்படாது.

தொழிலாளர் லயத்து வீட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். வலப்பக்கம் அடியில் சத்தமே இல்லை. ரப்பர் மரம் சீவும் கணவர் முனியாண்டி கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“இவர வேலைக்குப் போகச் சொல்லுங்க டாக்டர். மரத்துப் பக்கமே போறதில்ல. வேல வாங்குற மண்டோர் பேர வெட்டிருவான் லா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு அதுலதான் மூச்சு முட்டுது.”

சிரிக்கப் போய் இருமினார். முனியாண்டி தண்ணீரை நீட்டினார். மனைவி வாய் திறக்கும்போதெல்லாம் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது முனியாண்டி என்னுடன் கார் வரை வந்தார்.

“வேலைக்குப் போலாம் டாக்டர். நான் மரத்துக்கிட்ட நிக்கிறப்ப அவ கடைசியா எதாச்சும் சொல்லிட்டா? யாரு கேக்குறது?”

“அதுதான் கடைசின்னு அப்ப தெரியாது” என்றேன்.

கொஞ்ச நேரம் கார்க் கண்ணாடியைக் கையால் துடைத்தார். என் மனைவி சுந்தரி, சந்தைக்குப் போகும் பாசார் ரோட்டில் லாரி மோதி இறந்த வாரம் நான் கிளினிக்குக்கு வராதது அவருக்குத் தெரியும்.

“வீட்டம்மா என்னா சொன்னாங்க டாக்டர்?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் இறந்த அன்று எனக்கு விடுமுறை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். பிறகு அவள் சொன்னதையும் சொன்னேன்.

“கேட்டப் பூட்டிராதீங்க. நான் சாவி எடுக்கல. இந்தா, வந்துர்றேன்.”