சிரிக்க வேண்டிய போலீஸ்காரன்

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கார்ட்டூன் படக்கட்டில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. மேற்பார்வையாளர் ரியூ அதைச் சுன்மியின் மேசையில் வைத்தார். "உன் போலீஸ்காரன் பிரமாதமாம். அடிக்கிறப்ப மட்டும் சிரிக்கணுமாம். முப்பத்தெட்டுத் தாள்தான், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடும்மா."

சுன்மி கட்டைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

சியோலில் அந்த மூன்றாம் மாடிக் கூடத்தில் எழுபது பேர் குனிந்து உட்கார்ந்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நகைச்சுவைக் கார்ட்டூன் வரைகிறார்கள். நகைச்சுவை என்று பேர்தான். எதற்குச் சிரிக்க வேண்டும் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. யாரோ ஒரு செனட்டர் சேற்றில் விழுவார், யாரோ ஒரு பழைய நடிகை கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து கத்துவாள். யாரென்று கேட்டால் ரியூ, "அங்க அந்த மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பாங்களாம்" என்பார். போன மாதம் வந்த காட்சியில் ஒரு போலீஸ்காரன் மாணவர்களைச் சிலையைச் சுற்றிச் சுற்றித் துரத்தி அடிக்கிறான். எப்போதோ அங்கே ஒரு கவர்னர் செய்த அக்கிரமத்தைக் குத்திக்காட்டுகிறார்களாம். கவர்னருக்கு மாதிரிப் படம் வந்தது, போலீஸ்காரனுக்கு வரவில்லை. எழுதிக் கேட்டால் ஒரு வாரம் போய்விடும். இப்படி மாதிரி வராதபோது தெரிந்த ஆள் ஒருத்தரை வரைந்து ஒப்பேற்றிவிடுவது அந்தக் கூடத்து வழக்கம். சுன்மி தன் தம்பி கிவானை வரைந்தாள். கட்டாய ராணுவச் சேவைக்குப் போனவனைக் கலவரத் தடுப்புப் போலீசில் போட்டிருந்தார்கள். முகத்துக் கம்பி வலையை மேலே தூக்கிவிட்ட தலைக்கவசம், கையில் தடி, அவனுடைய வட்ட மூஞ்சி. விளையாட்டாகத்தான் செய்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஊர்வலத்தில் ஒரு மாணவன் அடிபட்டுச் செத்தான். கிவானின் பிரிவுதான் அன்றைக்கு அங்கே நின்றது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். பதினோரு நாளாகத் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் அடித்திருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். தடியைக் கையில் கொடுத்து அடி என்று சொன்னால் அவன்தான் என்ன செய்வான் என்றும் தோன்றும். நாசமாய்ப் போக, வரைவதற்கு வேறு மூஞ்சியா கிடைக்கவில்லை அவளுக்கு?

"சார், மூஞ்சியை மாத்தி வரைஞ்சுடுறேனே."

"நல்லாயிருக்குன்னு சொன்னதைப் போய் மாத்துவியா? அவங்க ஊர் ஆளை அவங்களே கிண்டல் பண்றாங்க. நமக்கென்னம்மா வந்துச்சு?"

"இது என் தம்பி சார்."

ரியூ தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அவள் முன்னாலேயே வைத்துவிட்டு, "வாயை மட்டும் மாத்து. எட்டு மணி விமானத்துல கட்டு போயாகணும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மத்தியானம் ரியூவின் மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. அவர் ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நான்தான்."

"எங்கடா இருக்கே? அடிகிடி பட்டுச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

எவ்வளவோ கேட்க வேண்டுமென்று இருந்தாள். வாயில் ஒன்றுதான் வந்தது. "கிவான், நீ அடிச்சியாடா?"

யாரோ தூரத்தில் அவன் பேரைச் சொல்லி அதட்டுவது கேட்டது.

"நான் வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்னு அம்மாகிட்டச் சொல்லுக்கா" என்றான். இணைப்பு அறுந்தது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் தாளில் வாயை அழித்தாள். அடுத்ததிலும் அழித்தாள். முப்பத்தெட்டிலும் வாய் இல்லாமல் தம்பி தடியை ஓங்கிக்கொண்டு நின்றான். சிரிப்பு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலும் வரவில்லை.

முகபாவம் வராதபோது பார்த்து வரைய ஆளுக்கொரு கண்ணாடி உண்டு. சுன்மி தன்னுடையதை நிமிர்த்தி வைத்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வாய். உதட்டை விரித்தாள். போதவில்லை. பல் தெரிய இன்னும் விரித்து, அசையாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, பென்சிலை எடுத்தாள்.